அலிக்கு எதிரே நின்றவர்களின் எடை என்ன?



முஹம்மது அலியின் அந்தப் படத்தைப் பார்க்காதவர் உங்களில் யாராவது உண்டா? கையை மடக்கி, வாயைத் திறந்து, கீழே கிடப்பவனை நோக்கி அலி கர்ஜிக்கும் படம்! சலூன் சுவரில் தொங்குகிறது, டீக்கடையில் தொங்குகிறது, இப்போது செல்போன் உறையிலும் வந்துவிட்டது. சரி, கீழே கிடப்பவர் யார்? சொல்லுங்கள் பார்க்கலாம்!

அவர் பெயர் சன்னி லிஸ்டன். 1962-இல் உலகச் சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சனை முதல் ரவுண்டிலேயே சாய்த்துப் பட்டத்தைப் பறித்தவர். மறு ஆண்டு மீண்டும் மோதி, மீண்டும் முதல் ரவுண்டிலேயே சாய்த்தவர். அப்படிப்பட்ட மனிதர், 1965 மே 25 அன்று எடுத்த ஒரே ஒரு படத்தால் உலகம் முழுமைக்கும் 'கீழே கிடப்பவர்' ஆகிப் போனார்.

நம் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளிப் பெட்டியை மேலாகப் பார்த்து யாராவது விலை பேசுவார்களா? கையை விட்டு அடியிலிருந்து நாலு பழம் எடுத்துப் பார்த்த பிறகல்லவா ஏலம் கேட்கிறீர்கள்! அடியில் அழுகல் இருக்குமோ என்ற பயம். குத்துச்சண்டை வரலாற்றிலோ கதை வேறு. மேலே இருப்பதும் முதல் தரம். அடியில் கிடப்பதும் முதல் தரம். அடியில் கிடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கழிவு விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

1980-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓராண்டில் அலிக்கு எதிரே நின்றவர்களில் மூவரைச் சொல்கிறேன். மூவருக்கும் எடைக்குறைவு நடந்திருக்கிறது. அதில் ஒருவர் நம் சென்னை நேரு ஸ்டேடியத்திலேயே நின்றவர்.

ஆம்! 1980-இல் அலி சென்னைக்கு வந்தார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆரைச் சந்தித்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி நடந்தது. அலியைப் பார்த்ததைப் பேரப்பிள்ளைகளிடம் இன்றும் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எதிரே நின்றவர் யார் என்று கேட்டால், "யாரோ ஒரு கறுப்பர், அலி கூடவே வந்தவர்" என்பார்கள். அந்த 'யாரோ', ஜிம்மி எல்லிஸ். அவரும் உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர்! அன்று அந்த மேடையில் நின்றவர்கள் இரண்டு முன்னாள் உலகச் சாம்பியன்கள். ஊர் பார்த்தது ஒருவரை.

எல்லிஸும் அலியும் லூயிவில் என்ற ஒரே ஊர்ப் பிள்ளைகள். அமெச்சூர் காலத்தில் இருமுறை மோதினார்கள், ஆளுக்கொரு வெற்றி. எல்லிஸ் பிறவி ஹெவிவெயிட் அல்ல. மிடில்வெயிட்டில், அதாவது 72 கிலோ அளவில் தொடங்கி, பிறகு உடம்பை ஏற்றிக்கொண்டு மேலே வந்தவர். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967 ஏப்ரல் 28 அன்று அலி மறுத்தார், பட்டத்தைப் பிடுங்கினார்கள். காலியான பட்டத்துக்கு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டு வீரர்களை வைத்துப் போட்டி நடத்தியது. எல்லிஸ் வெல்வார் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? லியோடிஸ் மார்ட்டினை வென்றார். அர்ஜெண்டினாவின் முரட்டு வீரர் ஆஸ்கர் பொனவேனாவை இருமுறை தரையில் வீழ்த்தி வென்றார். 1968 ஏப்ரல் 27 அன்று ஜெர்ரி குவாரியை 15 ரவுண்டு நின்று வென்று பட்டம் சூடினார். அலி மறுத்து ஓராண்டு நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி!

ஆனால் உலகம் என்ன சொன்னது? 'அலியின் பயிற்சித் துணை' என்றது. பட்டம் இடுப்பில் இருக்கும்போதே இந்தப் பெயர். ஸ்டாக்ஹோமில் பேட்டர்சனை வென்றபோது அந்தத் தீர்ப்பில் சர்ச்சை கிளம்பியது. அதை நான் மறைக்கவில்லை. 1970 பிப்ரவரியில் ஜோ ஃபிரேசியரிடம் நாலு ரவுண்டு முடிவில் பட்டத்தை இழந்தார், அதுவும் உண்மை. 1971 ஜூலையில் ஹூஸ்டனில் அலியே அவரை 12-ஆவது ரவுண்டில் நிறுத்தினார். அந்தப் போட்டியில் ஒரு விசேஷம் உண்டு. அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி அன்று எல்லிஸின் மூலையில் நின்றார்! எல்லிஸுக்கு அவர் பயிற்சியாளர் மட்டுமல்ல, மேலாளரும்கூட. இருவரையும் உள்ளங்கைபோல அறிந்தவர், அலிக்கு எதிராக அந்த மூலையில் நின்றார் என்றால் எல்லிஸ் வெறும் துணைக்கு வந்தவரா? பயிற்சியில் பட்ட அடியால் ஒரு கண்ணின் பார்வை கெட்டு 1975-இல் ஓய்வு பெற்றார். தேவாலயத்தில் பாடுவார். 2014-இல் லூயிவிலிலேயே காலமானார்.

'அலி நம்மவர், எல்லிஸ் யார்?' என்று சிலர் கேட்கலாம். நம்மவர் என்பதற்காகத் தராசில் கட்டை விரலை வைத்து அழுத்துவது நமக்குத் தகுமா? வியாபாரக் கணக்காகவே பாருங்கள். எதிரே நின்றவனை ஒன்றுமில்லாதவன் ஆக்கினால், அவனை வென்றவனின் வெற்றிக்கு என்ன விலை? லிஸ்டனின் எடையைக் குறைப்பவர் அலியின் எடையைத்தான் குறைக்கிறார்.

அடுத்தவர் லாரி ஹோம்ஸ். இவரும் அலியின் பயிற்சித் துணையாக இருந்தவர்தான். 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் அலியைப் பத்து ரவுண்டு அடித்தார். டண்டி போட்டியை நிறுத்தினார். வென்றவர் அழுதார்! தான் நேசித்த மனிதரை அடிக்க நேர்ந்த அழுகை அது. ஆனாலும் ரசிகர்கள் மன்னிக்கவில்லை. 1978 முதல் 1985 வரை சாம்பியன். இருபது முறை பட்டத்தைக் காத்தவர். தொடர்ந்து 48 வெற்றிகள். 49 வெற்றி பெற்ற ராக்கி மார்சியானோவைத் தொட ஒன்று இருக்கும்போது மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். இவ்வளவு இருந்தும், 'பெரும் வீரர்கள்' என்று நம் பையன்கள் விரல் விட்டு எண்ணும்போது இவருக்கு விரல் கிடைப்பதில்லை.

எடைக்குறைவு மட்டும் அல்ல, வாசலே அடைக்கப்பட்டவர்களும் உண்டு. 1908-இல் சிட்னியில் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். எத்தனை அவமானத்தைத் தாண்டி வந்தவர்! ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த சாம் லாங்ஃபோர்டுக்கு ஒரு பட்டப் போட்டிகூட அவர் தரவில்லை. 1906-இல் தன்னைவிடப் பத்து கிலோவுக்கும் மேல் கனமான ஜான்சனோடு லாங்ஃபோர்டு 15 ரவுண்டு நின்று மோதித் தோற்றவர். பட்டம் கைக்கு வந்த பின் ஜான்சன் அந்த ஆளை மீண்டும் சந்திக்கவே இல்லை. வெள்ளையர் அடைத்த கதவை உடைத்து உள்ளே போனவர், உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்! சமுதாயப் பணியில் இருப்போர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கண் பார்வை போன லாங்ஃபோர்டை 1944-இல் நியூயார்க்கின் ஹார்லெமில், வறுமையில் ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்து எழுதினார். அதன் பிறகே நிதி திரண்டது.

'சார்பட்டா பரம்பரை' படம் பார்த்துவிட்டு வடசென்னைக் குத்துச்சண்டை பற்றி என்னிடம் பேச வரும் இளைஞர்கள் உண்டு. (படம் பார்ப்பது பற்றி என் கருத்து வேறு, அது இங்கே பேச்சல்ல.) அவர்களிடம் நான் கேட்பது: கவுர் சிங்கைத் தெரியுமா?

1980-இன் மூன்றாம் மனிதர் அவர். பஞ்சாப் சங்ரூர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர், இராணுவ வீரர். அந்த ஜனவரி 27 அன்று டெல்லியில் அலியோடு நாலு ரவுண்டு காட்சிப் போட்டியில் நின்றார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம். அர்ஜுனா விருது, பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. மாநில அரசு அறிவித்த ஒரு லட்ச ரூபாய் பரிசு மட்டும் பல்லாண்டுகளாகக் கைக்கு வரவில்லை! இருதய சிகிச்சைக்குத் தனியாரிடம் இரண்டு லட்சம் கடன் வாங்கிய செய்தி 2017-இல் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் அரசுகள் அசைந்தன. 2023 ஏப்ரலில் அவர் வாழ்க்கையைப் பள்ளிப் பாடநூலில் சேர்ப்பதாகப் பஞ்சாப் அரசு அறிவித்தது. அந்த மாதம் 27-ஆம் தேதி கவுர் சிங் காலமானார்.