இடிக்கும் கடப்பாரையும் இறக்கும் சொற்களும்

உறையுளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கை நெறியைச் சுட்டி நிற்பன. வெளியிற் சென்று உழைத்தவன் தன் சுமையையும் கவலையையும் விட்டு இளைப்பாறும் இடம் வீடு. இல் என்பதினின்று இல்லாளும் இல்லறமும் தோன்றின. மனை என்பதினின்று மனைவியும், அகம் என்பதினின்று அகத்திணையும், குடி என்பதினின்று குடிமையும் குடியரசும் தோன்றின. வாழும் இடத்தின் பெயரையே வாழ்க்கைத் துணையின் பெயராகவும், இலக்கியத்தின் பெரும்பகுதிக்குரிய பெயராகவும் கொண்ட இனம் தமிழினம். அவ்வினத்தாரே இற்றைநாளில் தம் முன்னோர் கட்டிய பழமனைகளைப் பாழ்மனைகளென எண்ணிக் கடப்பாரைக்கு இரையாக்கி வருவதைக் காணுங்கால், இழப்பது செங்கல்லையும் மரத்தையும் மட்டுந்தானா என்னும் வினா எழாமல் இராது.

மதுரை மாநகர், அங்கயற்கண்ணி கோயிலை நடுவாகக் கொண்டு, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என அடுக்கடுக்காய் விரிந்த நகர். இவ்வீதிகளிலும் இவற்றைச் சார்ந்த சந்துகளிலும், முகப்புக் குறுகிப் பின்புறம் நீண்ட பழைய வீடுகள் பல இருந்தன. தெருவை நோக்கிய திண்ணை, செதுக்கு வேலை அமைந்த நிலைக்கதவு, இடைகழி, வானம் தெரியும் முற்றம், அதனைச் சூழ்ந்த தாழ்வாரம், கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்த வீடுகள் அவை. அவை வீழ்ந்துகொண்டே வருகின்றன. வீழ்ந்த இடத்தில் தங்கும் விடுதியோ, சரக்கறையோ, கடைத்தொகுதியோ எழுகின்றது. நகர்க்கு வெளியே மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்து ஊர்களில் நாட்டோடு வேய்ந்த எளிய வீடுகளுக்கும் இதே நிலைதான். இடிப்பார் பெரும்பாலாரும் கூறும் விடை ஒன்றே: “செப்பனிடும் செலவிற்குப் புதிதாகவே கட்டிவிடலாம்.”

இக்கூற்று பெரும்பாலும் உண்மையன்று. கணக்கிட்டுப் பார்ப்பார் எவர்க்கும் இது விளங்கும். இடிப்பதற்குக் கூலி, இடித்ததை அள்ளிச் செல்ல வண்டிக் கூலி, கட்டி முடியுமட்டும் வேறு வீட்டிற்கு வாடகை, பைஞ்சுதை, இரும்புக்கம்பி, மணல், சல்லி ஆகிய அனைத்திற்கும் சந்தை சொல்லும் விலை, இவற்றிற்கெல்லாம் வாங்கிய கடனுக்குப் பல்லாண்டு வட்டி. மற்றொரு புறம், இடித்த வீட்டின் தேக்கு விட்டமும் தூணும் நிலையும் பழைய மரக் கடைக்காரன் வைத்ததே விலையாய்ப் போகின்றன. செட்டிநாட்டில் நிகழ்வதும் இதுவே. பருமாத் தேக்கால் இழைத்த வீடுகள் அங்கே பிரிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் அடுக்கப்பட்டு, எங்கோ உள்ள விடுதிகட்கும் செல்வர் மாளிகைகட்கும் அணியாகச் செல்கின்றன. விற்றவன் கற்காரைப் பெட்டிக்குள் வெந்து கிடக்க, வாங்கியவன் அவன் பாட்டன் வீட்டுத் தூணில் சாய்ந்து காற்று வாங்குகின்றான்!

இடித்தோன் இழப்பான் என்பதற்கு மதுரையிலேயே பெருஞ்சான்று ஒன்று உண்டு. திருமலை நாயக்கர் 1636இல் கட்டுவித்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு என்பர். எஞ்சிய முக்காற் பங்கையும் முழுக்கத் தின்றது மழையுமன்று, மாற்றார் படையுமன்று. தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய அவர் பேரன் சொக்கநாத நாயக்கரே, அங்கு வேறோர் அரண்மனை எழுப்பும் விருப்பால் இதன் பெரும்பகுதியைப் பெயர்த்தார். பின்னர்ச் சென்னை ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் என்னும் பிரித்தானியர், எஞ்சியதைச் செப்பனிடச் செய்தார். பேரன் இடித்தான், அயலான் காத்தான். கட்டுவித்த அரசர் எம்மொழியினராயினும் ஆகுக; சுண்ணாம்பு அரைத்துத் தூணெடுத்து மெருகிட்ட கைகள் இம்மண்ணின் உழைப்பாளர் கைகளே. அக்கைத்திறனைக் காக்கும் எண்ணம் ஓர் அயலார்க்குத் தோன்றியது, உரியவர்க்குத் தோன்றவில்லை என்பது எண்ணி நாணத்தக்கது.

மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையை ஒட்டிய கீழடியில், 2014இல் நடுவணரசின் தொல்லியல் துறை தொடங்கிப் பின்னர்த் தமிழ்நாட்டரசின் துறை தொடர்ந்த அகழாய்வுகள் செங்கற் சுவர்களையும் உறைகிணறுகளையும் கூரை ஓடுகளையும் வெளிப்படுத்தின. கி.மு. 6ஆம் நூற்றாண்டளவிலேயே இங்கு நகர வாழ்வு இருந்ததெனத் தமிழ்நாட்டரசின் துறை 2019இல் அறிவித்தது. அவ்வகழ்வுப் பொருள்களைக் காட்ட 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், முற்றமும் தாழ்வாரமும் தூணும் உடைய செட்டிநாட்டு வீட்டின் அமைப்பிலேயே எழுப்பப்பட்டுள்ளது. மண்ணுக்குள் புதைந்த பழஞ்சுவரைப் பார்த்துப் பெருமிதங் கொள்ளத் தமிழர் கூட்டங் கூட்டமாய்ச் செல்கின்றனர். மண்ணுக்கு மேல் நிற்கும் பழஞ்சுவரையோ திரும்பி வந்து இடிக்கின்றனர். அருங்காட்சியகத்திற்கு ஏற்ற அழகு, வாழும் வீட்டிற்கு ஏலாதாயிற்று!

இனிச் செப்பனிடும் முறையைக் கருதுவோம். பழவீட்டின் முதற் பகை நீர். ஆகலின் வேலை கூரையினின்றே தொடங்கல் வேண்டும். ஓட்டு வீடாயின், ஓடுகளைப் பிரித்துக் கழுவி, நல்லனவற்றை மீண்டும் அடுக்கி, உடைந்தவற்றையும் உளுத்த சட்டங்களையும் மட்டும் மாற்றினாற் போதும். இருள் மிகுந்த அறைக்கு மேல் மூன்று நான்கு கண்ணாடி ஓடுகளை இடையிட்டால், பகலில் விளக்கேற்றும் செலவும் மிஞ்சும். தேக்குச் சட்டங்களின்மேற் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டு அடித்த மட்டப்பா ஆயின், வெடிப்புகளில் முளைத்த ஆலையும் அரசையும் வேரொடு களைந்து, வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, நீர் வடியும் வாட்டத்தைச் சீர் செய்தல் வேண்டும். மேற்பரப்பில் வெண்சுண்ணம் அடித்தால் மதுரை வெயிலின் கடுமையும் ஓரளவு தணியும்.

அடுத்தது சுவர். இங்கேதான் பலரும் தவறுகின்றனர். சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த சுவர் ஈரத்தை உள்வாங்கி மீண்டும் காற்றில் விடும் இயல்பினது. அதன்மேற் பைஞ்சுதை பூசி நெய்வண்ணமும் அடித்தால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். அப்பொழுது, “பழஞ்சுவர் கெட்டுவிட்டது” என்பர். கெட்டது சுவரன்று; செய்த மருத்துவமே. நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து மணலொடு கூட்டி அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்துப் பூசுதல் முன்னோர் முறை. அச்சாந்து காற்றிலுள்ள கரிவளியைச் சிறிது சிறிதாக ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாகவே இறுகுகின்றது. அதனால்தான் பழைய கோயிற் சுதைவேலைகளைப் புதுக்குவோர் இன்றும் இம்முறையை நாடுகின்றனர். இவ்வேலை அறிந்த முதிய கொத்தனார் சிற்றூர்களில் இன்னும் உளர். அவரைத் தேடிப் பிடித்து, அவரோடு ஓர் இளைஞனையும் வேலைக்கு வைத்தால், வீடும் பிழைக்கும், தொழிலும் பிழைக்கும்.

மரம் உளுத்தால் முழு விட்டத்தையும் தூக்கியெறிய வேண்டுவதில்லை. சுவருக்குள் இருக்கும் முனையே பெரும்பாலும் முதலிற் கெடும். கெட்ட பகுதியை அறுத்து, அதே வகை மரத்தைப் பொருத்திணைக்கத் தச்சர் அறிவர். கறையான் ஏறாமைக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுதல் மலிவான வழி. தளம் பழுதாயின், பளிங்கைத் தேடி வடக்கே போக வேண்டா. கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் குழம்பை ஊற்றிக் கையாற் செய்து, நீரில் ஊறவைத்து உலர்த்தும் ஆத்தங்குடிக் கல் அண்டை மாவட்டத்திலேயே கிடைக்கின்றது. மின்கம்பிகளைப் புதிதாக மாற்றுதல், கொல்லைப்புறத்தில் நல்ல கழிப்பறை அமைத்தல், முற்றத்து மழைநீரைக் கிணற்றிற்குத் திருப்புதல் ஆகியவை கட்டாயம் செய்யத்தக்கன. மழைநீர்ச் சேமிப்பைத் தமிழ்நாட்டரசு 2003இல் கட்டாயமாக்கியது. முற்றமுடைய வீட்டிற்கோ அதன் கூரைச் சரிவே பாதி வேலையை முடித்து வைத்திருக்கின்றது. சுவருக்கு வண்ணம் தீட்டுதல் இவை யாவற்றிற்கும் பின்னரே. பலரோ வண்ணத்தில் தொடங்கி வண்ணத்திலேயே பணத்தை முடிக்கின்றனர்.

இவ்வாறு ஆண்டுக்கு ஒரு பகுதியாகக் கையிலுள்ள பொருளுக்கேற்பச் செய்யலாம் என்பதே செப்பனிடுதலின் பெருஞ்சிறப்பு. புதுவீட்டைப் பாதி கட்டிக் குடியிருக்க இயலாது. பழவீட்டைப் பாதி செப்பனிட்டுக் குடியிருக்க இயலும். இங்கிலாந்தில் 1917இற் பிறந்து, கேரளத்தில் எளியோர்க்கு வீடுகட்டி வாழ்ந்து, 2007இல் மறைந்த இலாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், அருகிற் கிடைக்கும் பொருளையும் இடித்த வீட்டின் பழங்கதவுகளையும் கொண்டே செலவு குறைந்த அழகிய வீடுகளை எழுப்பிக் காட்டினார். தமிழ்நாட்டரசும் ஊரகத்திலுள்ள பழைய அரசுத்திட்ட வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தனித்திட்டம் அறிவித்தது. செப்பனிடுதல் ஏழைமையின் அடையாளம் அன்று, அறிவின் அடையாளம்.

கையிலுள்ள பணத்தை வீணாக்கும் மற்றொரு கேடு “வாசுது” வணிகம். சங்க நூலாகிய நெடுநல்வாடை, கட்டடம் வல்லார் உச்சிப்பொழுதில் நிழல் பார்த்துத் திசையறிந்து, நூலிட்டு அளந்து அரண்மனை வகுத்ததைக் கூறுகின்றது. வெயிலையும் காற்றையும் அளந்தறிந்த அறிவு அது. இன்றைய வாசுதுக்காரரோ நோயும் கடனும் உள்ள வீட்டினுள் நுழைந்து, “அடுப்படியை மாற்று, வாசலை அடை, படிக்கட்டை இடி” என்கின்றனர். சுவரை இடித்ததால் கடன் தீர்ந்தவர் எவரும் இலர். கடன் பெருகியவர் பலர். கூரை ஒழுக்கை அடைக்க வேண்டிய பணம் அச்சத்திற்கு இறைக்கப்படுகின்றது.

பழவீட்டைப் போற்றுதல் பழந்தீமையைப் போற்றுதல் ஆகாதா எனச் சிலர் வினவலாம். வினா நேரியதே. திண்ணை வழிப்போக்கனுக்கு நிழல் தந்தது என்று புகழ்வோர், அத்திண்ணையில் எவரை ஏறவிட்டனர், எவரைத் தெருவிலேயே நிறுத்தினர் என்பதையும் சொல்லல் வேண்டும். கூடத்தில் ஆடவர் காற்று வாங்க, புகை மண்டிய அடுக்களையிற் பெண்டிர் கண் கலங்கியதையும் மறைத்தலாகாது. ஆகலின் செப்பனிட வேண்டுவது சுவரை மட்டுமன்று. அடுக்களைக்குக் காலதர் திறக்கட்டும். திண்ணை எல்லார்க்கும் திறக்கட்டும். சாதியை இடித்துத் திண்ணையைக் காப்பதே தமிழர் செய்யத்தக்கது. நிகழ்ந்ததோ நேர்மாறு: திண்ணையை இடித்தனர், சாதியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டனர்.

அடித்தளம் அமிழ்ந்து சுவர் பிளந்து சாய்ந்த வீட்டை இடிக்கத்தான் வேண்டும். உயிரினும் பெரிதன்று கட்டடம். ஆயின் அத்தகைய வீட்டையும் கட்டடப் பொறிஞர் ஒருவர் பார்த்துச் சொன்ன பின்னரே இடித்தல் முறை. உறவினர் சொல்லும், புதுவீடு கட்டிய எதிர்வீட்டான் பெருமையும் அதற்குச் சான்றாகா.

எல்லாவற்றினும் கொடிய இழப்பு ஒன்று உண்டு. அது எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறாது. இடைகழி என்னும் அருந்தமிழ்ச் சொல் பேச்சு வழக்கில் ரேழி எனச் சிதைந்தும் உயிர் பிழைத்திருந்தது. இடைகழி இல்லாத வீட்டில் அச்சிதைவுக்கும் இடமில்லை. காற்று வரும் வழியைக் காலதர் என்றது சிலப்பதிகாரம். போர்த்துக்கீசியர் வந்து சன்னலைத் தந்தனர். திறவுகோல் சாவியாயிற்று, தாழ்வாரம் வராந்தாவாயிற்று. எனினும் அந்நாளில் பெயர்தான் மாறியது. பொருள் வீட்டில் இருந்தது. பொருள் இருந்தமையால் பழம்பெயரை மீட்கவும் இயன்றது. இன்றோ பொருளே போகின்றது. மாடக்குழி இல்லாத வீட்டுக் குழந்தைக்கு மாடக்குழி என்பதை எதைக் காட்டி விளக்குவது? பரண், குதிர், உறி, போதிகை, ஆளோடி, கிணற்றடி என்பன தேர்வுக்கு மனப்பாடஞ் செய்யும் அருஞ்சொற்கள் ஆகிவிட்டன. அவற்றின் இடத்தில், “இரண்டு பெட்ரூம், ஆல், கிச்சன்” என்னும் வாடகை விளம்பரமே வீட்டின் இலக்கணம் ஆயிற்று. அகரமுதலியிற் சொல்லைக் காக்கலாம். ஆயின் அது பாடஞ்செய்த பறவையைப் பெட்டியுட் காப்பது போன்றதே. சொல் பறப்பது வாழ்க்கையில்.

பழவீடு உடையார் நாளையே செய்யத்தக்கது ஒன்றுண்டு. கடப்பாரைக்காரனை அழைக்குமுன், வீட்டிலுள்ள முதியவரையும் குழந்தைகளையும் உடனழைத்துக்கொண்டு, வாசல் தொட்டுக் கொல்லை வரை ஒருமுறை நடக்கட்டும். ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் முதியவர் சொல்லக் குழந்தைகள் எழுதட்டும். எங்கு ஒழுகுகின்றது, எங்கு உளுத்துள்ளது என்பதையும் உடன் குறிக்கட்டும். ஒரு தாளின் ஒரு பக்கம் சொற்பட்டியும் மறுபக்கம் வேலைப்பட்டியும் அமையும். அத்தாளைக் கையிற் கொண்டு கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துக் கணக்குக் கேட்கட்டும். அதற்குப் பின்னும் இடிக்க மனம் வருமாயின் இடிக்கட்டும், பலர்க்கு வாராது.

வீட்டைக் காப்போம், வீட்டோடு சொல்லைக் காப்போம், சொல்லோடு இனத்தைக் காப்போம்!