ஆணி புடுங்குறதும் பீஸ் புடுங்குறதும்

அமெரிக்காவுல ஒரு கரண்ட் கம்பெனியோட தலைமை அலுவலகத்துல பொட்டி தட்ட ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு. பேரு வேணாம், சோத்துல மண்ணு விழுந்துடும். கரண்ட் கம்பெனின்னதும் கம்பம், லைன்மேன்னு கற்பனை பண்ணிக்காதீங்க. எங்க மாடியில கியூபிக்கிளும் காபி மெஷினும்தான்.

ஆனா எல்லாரும் கம்பத்து மேல நிக்கிற மாதிரிதான் நடந்துக்குவாங்க. எந்த மீட்டிங்னாலும் முதல்ல 'சேஃப்டி மொமெண்ட்'. படியில கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு இறங்கணும், காரை ரிவர்ஸ்லதான் நிறுத்தணும். முதல் மாசம் செம சிரிப்பு. அப்புறம் ஒரு புயல் வந்துச்சு. அங்க ஆபீஸ் ஆளுங்களுக்கும் புயல் டியூட்டி உண்டு. பக்கத்து சீட்டு அக்கவுண்ட்ஸ் அம்மா, அறுந்து விழுந்த ஒயர்கிட்ட யாரும் போயிடாம ராத்திரி பூரா கார்ல உக்காந்து காவல் காத்தாங்க. அதோட சிரிப்பு நின்னுச்சு.

விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் எனக்கு வந்த ஆணி, பில் கட்டாதவங்க லிஸ்ட்டை எடுத்து ஸ்மார்ட் மீட்டருக்கு 'கட் பண்ணு'ன்னு கட்டளை அனுப்புற ஜாப். முன்ன மாதிரி ஆள் போக வேணாம், உக்காந்த இடத்துலேருந்தே பீஸ் புடுங்கலாம்.

டெஸ்டிங் பண்றப்போ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. வீட்டுல மூச்சுக் கருவி மாதிரி ஏதாவது ஓடுச்சுன்னா, டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்தா உடனே கட் பண்ண மாட்டாங்க. ஆனா அவங்க வீடு மாறுனா புது அக்கவுண்ட் நம்பர் வருது; சர்ட்டிபிகேட் பழைய நம்பர்லயே தங்கிடுது. என் ஜாப் அவங்களையும் சேர்த்து கட் பண்ணிடும்!

டேமேஜர்கிட்ட சொன்னேன். "ரெக்கொயர்மெண்ட்ல இல்லையே, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"னாரு. பெரிய கெட்டவர்லாம் இல்லைங்க. அவருக்கு அது நாலு ரோ, அவ்ளோதான். எனக்கும் முந்தின நாள் வரைக்கும் ரோதான்.

சின்ன வயசுல எங்க வீட்டுக்கு பீஸ் புடுங்க வந்த லைன்மேன் அண்ணன் ஞாபகம் வந்துச்சு. அம்மா "சாயங்காலம் கட்டிடறேன் தம்பி, புள்ளைக்குப் பரீட்சை"ன்னாங்க. அவரு என்னை ஒரு பார்வை பாத்துட்டு சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டாரு. முன்னாடி மீட்டர் ரீடரா இருந்த ஒரு பெரியவர் இங்க எங்க டீம்ல இருக்காரு. அவரும் இதையேதான் சொன்னாரு: கதவைத் தட்டுனா ஆக்ஸிஜன் டியூப் கண்ணுக்குத் தெரியும், திரும்பி வந்துடுவோம்னு.

அந்தப் பார்வையை எவனும் ரெக்கொயர்மெண்ட்டா எழுதல. கதவைத் தட்டுற வேலையை எடுத்துட்டோம்னா, கட் பண்றதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் போனாவது பண்ணிப் பேசணும். செலவாகும்தான், ஆகட்டுமே.

பெரியவரைக் கூட்டிக்கிட்டு அதுக்கும் மேல இருக்கிறவர்கிட்ட போனேன். நம்பர் மாறுறதை சரி பண்ணோம், ரிலீஸ் ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு. போன் பண்ற யோசனை மட்டும் இன்னும் 'பரிசீலனை'யில இருக்கு. டேமேஜர் இப்பல்லாம் என்கூட காபிக்கு வர்றதில்ல.