பஸ்ஸை விட்டு இறங்கி நடப்போம்

கல்விச் சுற்றுலா என்றால் பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை, பிறகு ஹந்தானைத் தேயிலை நூதனசாலை. 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைதான் இன்று அந்த நூதனசாலை. பழைய உருளை இயந்திரங்களைப் பார்க்கிறோம், குறிப்பெடுக்கிறோம், தேநீர் குடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், பஸ்ஸில் ஏறிவிடுகிறோம். வெளியே தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் பாதையில் எவரும் கால் வைப்பதில்லை. அடுத்த முறை வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

‘பீக்கோ டிரெயில்’ எனப்படும் நீண்ட நடைபாதை ஹந்தானையிலிருந்தே தொடங்குகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். பெரும்பகுதி தோட்டக் காலத்துப் பழைய வழிகள்தாம். முதற் கட்டம் கலஹாவுக்கு, இரண்டாவது லூல்கந்துரவுக்கு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம் அது. அவர் அமர்ந்து மலைகளைப் பார்த்த கல் ஆசனத்தைத் தேடி இன்றும் பலர் ஏறுகிறார்கள். ஏறட்டும். ஆனால் 1892இல் அவர் இறந்தபோது, உடலைக் கண்டி மஹய்யாவ மயானம் வரை மாறி மாறிச் சுமந்து நடந்தவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள். கல்லறையில் டெய்லரின் பெயர் இருக்கிறது. தோள்கொடுத்தவர்களின் பெயர் அங்கே இல்லை. அதற்கும் முன்பே, கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்து, வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் மடிந்தவர்கள் எத்தனையோ பேர்.

கம்பளைப் பக்கம், ஓல்ட் பீக்கொக் தோட்டத்தின் பழைய லயன் அறைகளில், தொழிலாளர்களுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. எமது சுற்றுலாப் பட்டியலில் அதற்கும் இடம் வேண்டும். எனினும் எந்த நூதனசாலையும் சரிவைக் காட்ட முடியாது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள். அது கொப்பியில் எழுதினால் ஓர் எண். வெறுங்கையோடு அரை மணி நேரம் மேலேறி மூச்சு வாங்கும்போது, முதுகில் கூடையோடு ஒரு பெண் எம்மைக் கடந்து போனால்தான் அந்த எண்ணின் பாரம் தெரியும்.

இன்னொன்று, எமக்கே உரியது. மூன்றாம் கட்டம் தவலந்தென்னவில் முடிகிறது. அந்தப் பெயருக்குள் ‘தவலம்’ இருக்கிறது பாருங்கள்! பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைநாட்டுக்குள் சென்று, பாக்கும் மிளகும் கொண்டுவந்த தவலக்காரர்களில் எமது மூதாதையர் பலர். வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் புள்ளிக்காக மனனம் செய்கிறோம். அவர்கள் ஏறிய மலைகளை பஸ் யன்னலால் பார்த்தால் என்ன விளங்கும்?

பெற்றோர் சொல்லப்போவது தெரியும். அட்டை கடிக்கும். கடிக்கும்தான். நீண்ட காலுறையில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். மழை, பனிமூட்டம் என்பீர்கள். பெப்ரவரி, மார்ச்சில் மழை குறைவு. நோன்பு வராத வாரமாகப் பார்த்துக்கொண்டால் சரி. உடை இடைஞ்சல் என்றால், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு அதே சரிவில் நாள் முழுதும் நடப்பவர்களும் பெண்களே. வழி காட்ட ஆள் வேண்டுமே என்றால், அந்தத் தோட்டத்துப் பெண்களில் இருவரைக் கூலி கொடுத்து அழைக்கலாம். அவர்களை விட அந்த மலையை அறிந்தவர் யார்?

“பொம்புளப் புள்ளைகளுக்கு என்னத்துக்கு மலையும் காடும்?” என்ற கேள்விதான் கடினமானது. ஆண்பிள்ளைகள் ஏறிவிட்டு வந்து கதை சொல்ல, நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் ஆண்களும் பெண்களும் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை நடப்பது யாருடைய அடிச்சுவட்டில்? தாகித்த குழந்தைக்காகத் தனியே இரு குன்றுகளுக்கிடையில் ஓடிய அன்னை ஹாஜரா அவர்களுடைய அடிச்சுவட்டில்.

முழுக் கட்டத்தையும் நடக்கக் கேட்கவில்லை. கடைவீதிக்கு ஒதுக்கும் இரண்டு மணித்தியாலத்தை இதற்குத் தந்தால் போதும். ஆசிரியைகள் முன்னும் பின்னும் வர, மூன்று கிலோமீற்றர் போய்த் திரும்பி, ளுஹர் தொழுதுவிட்டு பஸ் ஏறலாம். அடுத்த வருட அனுமதிக் கடிதத்தில் ‘நடைப்பயணம்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். கையொப்பமிடும் உம்மாமார் யாராவது கூட வர விரும்பினால் தாராளமாக வரலாம், வழுக்காத சப்பாத்தோடு.