கையில் ஒரு படி

புதிய கருவிகளைக் கண்டாற் பண்டிதர்கள் முகஞ் சுளிப்பர் என்றொரு கருத்து நம்மவரிடையே உண்டு. அது பிறர்க்குப் பொருந்தினும் பொருந்துக, எனக்குப் பொருந்தாது. பிராசீன பாடசாலையொன்றிலே இலக்கணமும் இலக்கியமுங் கற்பிப்பவன் நான்; ஐம்பது வயதைக் கடந்தவன். ஆயினும் என் சட்டைப்பையிலே கைத்தொலைபேசி இருக்கின்றது. மாணாக்கர்க்கு வட்ஸ்அப்பில் வினாத்தாள் அனுப்புகின்றேன். ஐயமான சொல்லுக்கு வகுப்பில் நின்றபடியே இணையத்தில் அகராதி பார்க்கின்றேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்திலே, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன். கருவியின் அருமையை எனக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலின், இங்கே நான் கூறப்புகுவது கருவிகளின்மேற் பழியன்று. அவற்றைக் கையாளும் நாம் கேளாது விட்ட வினா ஒன்றைப் பற்றியது. இணையச் சேவைகள் வழியாக நாம் பெறுவனவும் வைப்பனவும் நம்முடையனவா, இரவலா என்பதே அவ்வினா. அதனை நான் காலங்கடந்து கேட்டேன்.

2020ஆம் ஆண்டிலே, நோய்த்தொற்றின் காரணமாகக் கோயில்களிற் கூட்டங் கூடுதல் தடைப்பட்டிருந்தது. புராணபடனமும் நின்றது. எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அப்போது எண்பதைக் கடந்திருந்தார். நெடுங்காலமாகக் கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லி வந்தவர். "இந்த வருஷம் கேக்கிறதுக்கு ஆளில்லை" என்று அவர் ஒருநாள் வருந்தினார். ஊரடங்கு தளர்ந்ததும் அவர் வீட்டுக்குச் சென்றேன். விறாந்தையில் இருந்து நான் பாட்டை வாசிக்க, அவர் பயன் சொன்னார். நடுவே கிடந்த தொலைபேசி அதனைப் பதிந்துகொண்டது. இவ்வாறு 43 நாட் பதிவுகள் சேர்ந்தன.

அவற்றை இலவசமாக ஒலிப்பதிவுகளைச் சேமித்துத் தரும் இணையச் சேவை ஒன்றில் ஏற்றினேன். அதன் முகவரியை மாணாக்கர்க்குக் கொடுத்தேன். தொலைபேசியில் இடம் நிரம்பிவிட்டமையால் அதிலிருந்த மூலப் பதிவுகளை அழித்துவிட்டேன். 'எங்கோ ஓரிடத்திற் பத்திரமாக இருக்கின்றன' என்பது என் எண்ணம். அந்த 'எங்கோ' எங்கே என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டிலே ஆசிரியர் சிவபதம் அடைந்தார். 2023இல், அவரது திவசத்தன்று அவருடைய குரலை எல்லாருங் கேட்கச் செய்யலாம் என்று தேடினேன். சேவை மூடப்பட்டிருந்தது. முன்னறிவித்தல் அனுப்பியிருந்தனர், நான் திறந்து பாராத பழைய மின்னஞ்சற் பெட்டியிலே அது கிடந்தது. குறித்த நாளுக்குள் பதிவுகளை எடுத்துக்கொள்ளும்படி அதிற் கண்டிருந்தது. அந்த நாள் கழிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

நான் எவரை நோவது? சேருகின்ற அன்று நீண்டதோர் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். 'ஏற்கின்றேன்' என்னும் பொத்தானை நான் வாசியாமலே அழுத்தினேன். ஒரு பரப்புக் காணி வாங்குவதாயின் நொத்தாரிசுவை இருத்தி, உறுதியை வாசிப்பித்து, எல்லைகளைக் கேட்டுத் தெளிந்தல்லவா கையொப்பம் இடுகின்றோம்! ஆசிரியரின் ஆயுட்கால அறிவை ஒப்படைக்கும்போது அந்த அளவு கவனமும் எனக்கு இருக்கவில்லை.

காணியைப் பற்றிப் பேசியதனால், இன்னுஞ் சிறிது சொல்கின்றேன். அறுதி என்பது வேறு, ஒற்றி வேறு, குத்தகை வேறு என்பதை நம் ஊரில் எழுத்தறியாதவரும் அறிவர். இணையத்திலே புத்தகம் வாங்குகின்றவர் அறுதியாக வாங்கியதாகவே எண்ணுகின்றார். 2009ஆம் ஆண்டு யூலை மாதத்திலே நிகழ்ந்ததைப் பாருங்கள். ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய இரண்டு நூல்களை, விற்பதற்கு உரிமையற்ற ஒருவர் அமேசன் நிறுவனத்தின் கிண்டில் வழியாக விற்றுவிட்டார். அதை அறிந்த நிறுவனம், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அந்நூல்களை அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பின்னர் வருத்தமுந் தெரிவித்தது. பழைய ஏடுகளை அரசு மாற்றுவதும் மறைப்பதும் பற்றிய நாவல் '1984'. அழிக்கப்பட்ட இரண்டனுள் அதுவும் ஒன்று.

2019இலே மைக்கிறோசொவ்ற் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியது. வாங்கியோர் எவராலும் அந்நூல்களைத் திறக்க இயலாது போயிற்று. விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓரங்களிற் குறிப்பெழுதி வைத்தோர்க்கு மேலும் 25 டொலர் வரவு வைத்தார்கள். நேர்மையான செயலே. ஆனால், ஆசிரிய நண்பர்களே, உங்கள் நன்னூற் பிரதியின் ஓரத்தில் நீங்கள் எழுதிய குறிப்புக்களை எவரேனும் 25 டொலருக்குக் கேட்டாற் கொடுப்பீர்களா? அதே 2019இல், மைஸ்பேஸ் என்னுந் தளத்தில் 2015 வரை மக்கள் ஏற்றியிருந்த இசைப்பதிவுகள், கணினி மாற்றத்தின்போது இழக்கப்பட்டன என்று அதனை நடத்தினோரே அறிவித்தனர். என் வீட்டு அலுமாரியிலே 1980களில் வாங்கிய நாதஸ்வர ஒலிநாடாக்கள் இன்னுங் கிடக்கின்றன. சிறிது இரைச்சலோடு பாடுகின்றன, ஆயினும் பாடுகின்றன.

இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். கையில் இருப்பது மாத்திரம் அழியாதா? வீட்டுக் கணினி பழுதுபடும். தொலைபேசி கிணற்றில் விழும். தாளை நெருப்பு உண்ணும். 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அதனை அறிந்த மண்ணில் இருந்துகொண்டு காகிதம் நிலையானது என்று நான் எங்ஙனஞ் சொல்வேன்?

சொல்லவில்லை. காப்பது காகிதமும் அன்று, கணினியும் அன்று, படி. பல இடங்களிற் பலர் கையிலுள்ள படி. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பிக்க முடிந்தமைக்குக் காரணம் என்ன? பெயரறியாத பலர் தலைமுறை தலைமுறையாக அதனை ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்து எழுதியமையே. ஏடு செல்லரித்தது, படி பிழைத்தது. கணினியின் தனிச்சிறப்பும் இதுவேயாம். ஏடெழுதுவோர் பல நாள் வருந்திச் செய்ததை அது ஒரு நொடியில், ஓர் எழுத்தும் பிழையாமற் செய்கின்றது. அத்தகைய கருவியைக் கொண்டே படி எடுப்பதைத் தடுக்கும் சேவைகள், கருவியின் இயல்புக்கே மாறானவை என்பது என் கருத்து. எழுத்தாளர்க்கு விலை கொடாது களவாடுதலை நான் ஆதரிக்கவில்லை. விலை கொடுத்ததைக் கையில் வைத்திருக்கும் உரிமையையே கேட்கின்றேன்.

நல்ல சேவைக்கும் எடுத்துக்காட்டு நம்மிடம் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் நம் நாட்டுத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தத் தொடங்கிய நூலகம் திட்டமும் அத்தகையன. அங்கே நூலை வாசிக்கலாம். வேண்டியவர் தம் கணினியில் இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். நாளை அத்தளங்களுக்கு இடையூறு நேரினும், ஊரூராக உள்ள படிகள் எஞ்சும்.

ஆகவே, ஒரு சேவையில் எதையேனும் ஒப்படைக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்குமாறு மாணாக்கர்க்குச் சொல்லி வருகின்றேன். நான் வைத்ததை வேண்டியபோது முழுவதும் வெளியே எடுக்கலாமா? இணைப்பு இல்லாதபோதும் அது திறக்குமா? வேறு கருவியிலும் அதனை வாசிக்கலாமா? மூன்றாவது வினா சிறிதன்று. முன்னர்ப் பாமினி எழுத்துருவில் நான் தட்டெழுதிய வினாத்தாள்கள், அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தோன்றுகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே தமிழ் தமிழாகத் தெரிந்தது.

இனி, என் பதிவுகளின் கதையை முடிக்கின்றேன். நான் இழப்பைச் சொல்லி வருந்தியபோது, மாணாக்கன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "ஐயா, என்னட்டை 11 கிடக்கு" என்றான். எவ்வாறு என்று கேட்டேன். "ஒவ்வொருக்காலும் டேற்றா போட்டுக் கேக்கக் காசில்லை ஐயா. அதுதான் இரவு டேற்றாவிலை இறக்கி வைச்சுக் கேட்டனான்" என்றான். வசதியுள்ளோர் இணைப்பிலே கேட்டுவிட்டுப் போயினர். வசதியற்றவன் படி எடுத்தான். ஆசிரியரின் குரல் அவனிடம் எஞ்சியது.

அந்தப் 11 பதிவுகளும் இப்போது ஆறு வீடுகளில் இருக்கின்றன. ஆசிரியர் மிக விரும்பிப் பயன் சொன்ன சூரபன்மன் வதைப்படலம் அவற்றில் இல்லை. அதனை வேறெவரேனும் இறக்கி வைத்திருக்கக்கூடும். இதனை வாசிக்கும் பழைய மாணாக்கர் தம் தொலைபேசிகளை ஒருமுறை தேடிப் பார்ப்பாராக. கிடைத்தால் எனக்கு அனுப்புமுன், தமக்கும் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வாராக.