மணவிலக்கு: யார் மேல தப்புன்னு சொல்லியே ஆகணுமா?

வேண்டாம். சிங்கப்பூரில் 2024 ஜூலை 1 முதல், முஸ்லிம் அல்லாத தம்பதியர் இருவரும் ஒத்துக்கொண்டு மணவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

அதற்கு முன்பு? கள்ள உறவு, மோசமான நடத்தை, கைவிட்டுப் போனது என ஏதாவது ஒரு குற்றம் காட்ட வேண்டும். இல்லையென்றால் குறைந்தது 3 ஆண்டு பிரிந்து வாழணும். காத்திருக்க முடியாதவங்க பழைய சண்டைகளைத் தோண்டி எழுதினாங்க. அதைப் படிக்கும் மற்றவர் சும்மா இருப்பாரா?

இது 'ஈஸி டிவோர்ஸ்' இல்லை. ஏன் பிரிகிறோம், சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தோம், பிள்ளைகளுக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு என்று எழுதிக் கொடுக்கணும். சேர வாய்ப்பிருப்பதாக நீதிமன்றம் கருதினால் மறுத்துவிடலாம்.

வீவக வீடு யாருக்கு, பிள்ளை யாரிடம் என்ற சண்டை இன்னமும் வரலாம். ஆனா, திட்டி எழுதிய தாள் நடுவில் இல்லாததால், சமரசப் பேச்சில் உட்காருவது கொஞ்சமாவது சுலபம்.