செக்ரோல் கணனியில் இருந்தாலும் கணக்கு நம் கையில் இருக்கட்டும்

தோட்டத்து செக்ரோல் கணனிக்குள் போய்விட்டது. "எக்செல் பிழை விடாது" என்கிறார்கள். கூட்டலில் விடாதுதான். ஆனால் மலையில் நாம் செய்த வேலையை அது பார்ப்பதில்லை. தட்டிப் போட்டதைத்தான் கூட்டுகிறது. முழுப்பேரை அரைப்பேராகப் பதிந்தால் அரைச் சம்பளம்தான் வரும். 31ஆம் திகதிக்குரிய நிரலைக் கூட்டலில் சேர்க்க மறந்தால், அன்று வேலைக்குப் போன எல்லோருக்கும் ஒரு நாள் சம்பளம் குறையும்.

அரைப்பேர் சின்ன விடயமா? 2024 வர்த்தமானியின் 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 675 ரூபா. அதற்கு நிர்வாகம் கட்டவேண்டிய 12 வீத சேமலாப நிதி 81 ரூபாவும், 3 வீத நம்பிக்கை நிதி 20 ரூபா 25 சதமும் அதோடு போகும்.

கணனி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சம்பளக் கணக்கை முடிக்குமுன், நாள்வாரியான பேர்ப் பட்டியலைத் தமிழில் அச்சடித்து பெரட்டுக் களத்தில் ஒட்டுங்கள் என்று நிர்வாகங்களைக் கேட்கிறோம். சம்பளத் துண்டில் மொத்தம் மட்டும் இருந்தால் எந்த நாள் விடுபட்டது என்று எப்படித் தெரியும்?

அதுவரை வீட்டுக்கு ஒரு கொப்பி வையுங்கள். திகதி, பேர், கிலோ மூன்றையும் அன்றன்றே பிள்ளைகளைக் கொண்டாவது எழுதுங்கள். பிழை கண்டால் கொப்பியோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். கணக்குக் கேட்க நாங்களும் கூட வருவோம்.