பழுது காலிலா, கருவியிலா?



விமானியாகும் கனவோடு கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்காகப் பெற்றோர் வாங்கித் தரும் துணைக்கருவிகளுள் ஒன்று சுக்கான் மிதி. அதன் வடிவமைப்பைப் பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விழைகிறேன்.

விமானத்தின் வாற்பகுதியில் செங்குத்தாக அமைந்திருக்கும் சுக்கானை இயக்குபவை இம்மிதிகள். விசிறி பூட்டிய ஒற்றை இயந்திரச் சிறுவிமானம் ஓடுபாதையில் விரையும்போது பெரும்பாலும் இடப்பக்கம் இழுக்கும். வலக்காலால் மெல்ல அழுத்தி அதை நேர்ப்படுத்த வேண்டும். அந்த 'மெல்ல' என்பதுதான் பயிற்சியின் உயிர். மலிவான மிதிகள் கெடுப்பதும் அதைத்தான்.

முதற்குறை, உணரியில் உள்ளது. பல மிதிகளில் காலின் அசைவை அளப்பது ஒரு மாறுமின்தடை. கரிப்பூச்சுத் தடத்தின்மீது சிறு தொடுமுனை உரசிக்கொண்டே நகரும். உரசும் பொருள் தேயும், தூசியும் சேரும். கால் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே அசைவதால் தேய்மானமும் அங்கேதான் மிகுதி. விளைவு? காலை அசைக்காதபோதே திரையில் விமானம் துடித்துத் திரும்புகிறது. மென்பொருளில் நடுப்பகுதியைச் செயலற்றதாக்கி இதனை மறைக்கலாம். ஆனால், அப்போது மெல்லிய அழுத்தமும் சேர்ந்தே மறைந்துபோகும்.

இரண்டாவது, நெகிழித் தண்டவாளம். மிதி முதலில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. சற்றே வலுவாக அழுத்தினால் அளவுக்கு மீறி ஓடிவிடுகிறது. மூன்றாவது, எடைக்குறைவு. வழவழப்பான ஓட்டுத்தரையில் கருவியே பின்னோக்கிச் சறுக்குகிறது.

இவற்றால் வீணாவது பணம் மட்டுமன்று. பிழையான கருவியில் பழகும் கால், பிழையையே பழக்கமாக்கிக் கொள்கிறது. விமானம் நேராக ஓடாதபோது பிள்ளை கருவியை ஐயுறுவதில்லை. "எனக்கு வராது" என்று தன்னையே நொந்துகொள்கிறது. ஆசிரியருக்கு இதைவிட வருத்தம் தரும் சொல் வேறு உண்டோ?

தேய்மானம் இயற்கை, அதற்காக எவரையும் குறைகூற இயலாது. தேயும் உறுப்பை மாற்ற வழியின்றி அமைப்பதே குற்றம் என்பது என் கருத்து. சில ரிங்கிட் பெறும் மாறுமின்தடை ஒன்றுக்காகச் சில நூறு ரிங்கிட் கருவியைக் குப்பையில் எறிவது முறையா? 2021இல் பிரான்சு நாடு, கைப்பேசி, மடிக்கணினி முதலிய சில பொருள்களுக்குப் பழுதுபார்க்கும் எளிமையை மதிப்பெண்ணாகக் காட்ட வேண்டுமென விதித்தது. அத்தகைய மதிப்பெண் இக்கருவிகளுக்கும் வேண்டும்.

பெற்றோர்களே, வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உணரி உரசும் வகையா, காந்தப்புலத்தைக் கொண்டு தொடாமலே அளக்கும் ஹால் வகையா? உதிரிப்பாகம் தனியே கிடைக்குமா? அடிப்பலகையைத் தரையிலோ பலகையிலோ பொருத்தத் துளைகள் உண்டா?

ஆசிரியர்களே, பழுதான மிதி ஒன்று கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடவேளையில் கழற்றிக் காட்டுங்கள். தேய்ந்த தடத்தைக் கண்ணால் காணும் மாணவன், குறை எங்கிருந்தது என்பதை உணர்வான்.

பிள்ளையின் திறனை எடைபோடுமுன், அவன் கையிலும் காலிலும் நாம் கொடுத்த கருவியைச் சோதிப்போம்.